சிங்கப்பூர் பிடோக், லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கம் பக்கம் பிபி (பீக்காக் பாஸ் மீன்) பிடிக்க எந்த ரிக் (முள்ளு, ஈயம் கோக்கற முறை), எந்த லூர் (செயற்கை இரை)? (டெக்சாஸ் ரிக் வாங்கிட்டு முழிக்கிறேன்)

ஈசூன்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். புதுசா ஸ்பின்னிங் தூண்டில் செட் ஒண்ணு வாங்கியிருக்கேன். ஆறரை அடி மீடியம் லைட் கழி, 2500 ரீல். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஏரியில பாஸ் பிடிக்கிற வீடியோவா பார்த்துத் தள்ளி, அவங்க சொன்னபடி டெக்சாஸ் ரிக்குக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வச்சாச்சு. தோட்டா ஈயம், 3/0 ஆஃப்செட் முள்ளு, ஏழு அங்குல ரப்பர் புழு. பிடோக்லயும் லோவர் சிலேத்தார்லயும் போட்டுப் பார்த்தேன். அடியில மெதுவா இழுத்து, நிறுத்தி, திரும்ப இழுத்து... ஒரு தட்டுகூட இல்ல. பக்கத்துல நின்ன அங்கிள் சின்ன மீன் மாதிரி ஒண்ணை விறுவிறுன்னு சுத்தி இழுத்தாரு, கொஞ்ச நேரத்துல அழகா ஒரு பிபி கரையில. நான் மாத்த வேண்டியது ரிக்கா, இரையா, இடமா? காசு கம்மிண்ணே, என்எஸ் (தேசிய சேவை) அலவன்ஸ்ல ஓட்டுறேன்.

கரைக்காரர்:
தம்பி, வீடியோவில் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அதில் வரும் மீன் வேறு, நம் ஊர் மீன் வேறு. அவர்கள் தேடுவது லார்ஜ்மவுத் பாஸ். நம் நீர்த்தேக்கங்களில் இருப்பது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ். சிக்லிட் குடும்பம், அதாவது ஜிலேபி மீனுக்குத்தான் பங்காளி.

லார்ஜ்மவுத் புல்லுக்கும் மரக்கட்டைக்கும் இடையில் பதுங்கிக் கிடக்கும். இரை பக்கத்தில் வந்தால் வாயை அகலத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். குளிர்காலத்தில் மந்தமாகிவிடும் என்பதால் தரையோடு ஊர்ந்துவரும் ரப்பர் புழுதான் அதற்கு வசதி. முள் நுனியை ரப்பருக்குள் ஒளித்து வைப்பது புல்லில் சிக்காமல் இருக்க. அந்த ஏரி, அந்த மீன், அந்தக் குளிர், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்த ரிக் அது.

பிபிக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் செத்துப்போகும். ஃபுளோரிடாவில் 1984ல் அரசாங்கமே இதைக் கால்வாய்களில் விட்டது. பெருகிப்போன வெளியூர் மீன்களைத் தின்னட்டும் என்று. இன்றைக்கும் அது அந்த மாநிலத்தின் தெற்குப் பகுதியைத் தாண்டவில்லை, வடக்கே குளிர் விடாது. நம் ஊர் வெயிலில் அதற்கு வருஷம் முழுக்கச் சுறுசுறுப்புதான். வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன். மெதுவாக ஊரும் புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்பித்து ஓடுகிற எதையாவது பார்த்தால் அதற்குப் பொறுக்காது.

முதலில் வேகத்தை மாற்றுங்கள். லூர் அப்புறம்.

ஈசூன்_பையன்:
ஓ, அப்ப நான் வேற மீனுக்கு இரை போட்டுட்டு இருந்திருக்கேன். எந்த லூர்னு சொல்லுங்கண்ணே. கடையில சுவர் முழுக்கத் தொங்குது, தலை சுத்துது.

கரைக்காரர்:
சுவர் முழுக்கத் தொங்குவதில் பாதி மீனைப் பிடிக்க அல்ல, நம்மைப் பிடிக்க. எனக்கு ஒரே ஒரு லூர்தான் என்றால் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள சஸ்பெண்டிங் மின்னோ (சின்ன மீன் வடிவ லூர், நிறுத்தினால் மிதக்காமல், மூழ்காமல் அப்படியே நிற்கும்). ரப்பாலா எக்ஸ்ராப் எட்டாம் எண் போல ஏதாவது. கழி நுனியைக் கீழே தாழ்த்தி, சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள். சுண்டும்போது அது பக்கவாட்டில் திரும்பி வயிற்றைக் காட்டி மின்னும், அந்த மின்னலுக்குத்தான் அடி விழும்.

பிபி பின்னால் வருவதைப் பல சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். லூருக்கு ஒரு முழம் பின்னால் பச்சையாய் ஒரு நிழல், வாலடியில் அந்தக் கண் போன்ற கறுப்புப் புள்ளி, செவந்த துடுப்பு. பார்த்ததும் புதுசா வருகிறவர்கள் எல்லாரும் செய்வது கையை நிறுத்துவது, ‘வரட்டும், வந்து கவ்வட்டும்’ என்று. நிறுத்தினால் மூக்கால் முகர்வதுபோல் ஒரு விநாடி நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த நேரத்தில் இன்னும் வேகமாக இழுக்க வேண்டும். நீங்கள் கையால் சுற்றும் எந்த வேகத்தையும் அது எட்டிப் பிடிக்கும்.

பொங்கோல்_அக்கா:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா புதுசா வர்ற பிள்ளைக்கு மின்னோ சொல்லாதீங்கண்ணே. நல்ல மின்னோ ஒண்ணு இருபது வெள்ளிக்கு மேல. பிடோக் கரைக் கல்லுல ரெண்டு சிக்கினா பையன் தூண்டிலையே தூக்கிப் போட்டுடுவான்.

தம்பி, 1/8 அவுன்ஸ் ஜிக் தலை (ஈயத் தலை வச்ச முள்ளு), மூணு அங்குல ரப்பர் மீன், துடுப்பு வால் உள்ளது. இதுல ஆரம்பிங்க. போனா ஒரு காப்பிக் காசு. வெள்ளை ஒண்ணு, கொஞ்சம் பச்சை மஞ்சளா ஒண்ணு, போதும்.

ஆனா முள்ளுல கோக்கறதை ஒழுங்கா கோக்கணும். ஜிக் தலையை ரப்பர் பக்கத்துல வச்சு, முள்ளு வளைவு எங்க வருதுன்னு நகத்தால ஒரு கோடு போட்டுக்குங்க. மூக்கு நடுவுல குத்தி, நேரா உள்ள தள்ளி, அந்தக் கோட்டுல வெளிய எடுங்க. முதுகுக் கோடு நேரா வரணும். கொஞ்சம் கோணினாலும் தண்ணில ராட்டினம் சுத்தும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கும், மீனும் வராது. வீசறதுக்கு முன்னாடி காலடித் தண்ணில ஒருதரம் இழுத்துப் பாருங்க. வால் மட்டும் ஆடணும், உடம்பு சுத்தக்கூடாது.

கரைக்காரர்:
அக்கா சொன்னதற்கு மறுப்பில்லை, காசுக்கு அதுதான். ஆனால் அடி விழும் எண்ணிக்கையில் மின்னோதான் என் கட்சி.

பொங்கோல்_அக்கா:
உங்க கட்சியில நீங்க இருங்கண்ணே, எனக்கு ஜிக்தான் 😄

கிராஞ்சி_கதிர்:
டெக்சாஸ் ரிக்கை ரெண்டு பேரும் சேர்ந்து குப்பைல போட்டுட்டீங்களே. தம்பி, வாங்கின முள்ளைத் தூக்கிப் போடாதீங்க. அந்த 3/0 ஆஃப்செட் முள்ளுல ஈயமே இல்லாம நாலஞ்சு அங்குல ஃப்ளூக் வகை (ஒல்லியான, கூர்வால்) ரப்பர் மீனைக் கோத்துக்குங்க. முள்ளு நுனி உள்ள, புழுவுக்குச் செய்ற அதே மாதிரிதான். தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ சுண்டி இழுத்தா அடிபட்ட மீன் மாதிரி இங்கயும் அங்கயும் பாயும். பிபிக்கு இதைப் பார்த்தா வெறி. புல்லு, இலை, மிதக்கற குப்பை எதுலயும் மாட்டாது. மீனு கவ்வினா மட்டும் கொஞ்சம் பலமா இழுத்து அடிக்கணும், நுனி ரப்பரைக் கிழிச்சிட்டு வெளிய வரணும்ல.

கிராஞ்சி நீர்த்தேக்கத்துல கரையெல்லாம் புல்லு, தண்ணி பச்சைப்பசேல்னு இருக்கும். அங்க திறந்த முள்ளு வச்ச மின்னோ போட்டா ஒவ்வொரு வீச்சுக்கும் கீரைக்கட்டு வரும். டெக்சாஸ் ரிக் அங்க விராலுக்கு நல்லாவே வேலை செய்யும். ஈயம் சின்னதா இருக்கணும், நரம்புல ஓடாம ஒரு ரப்பர் தடுப்பு போட்டு முள்ளோட ஒட்டி நிறுத்திடுங்க. இல்லைன்னா ஈயம் புல்லுக்கு ஒரு பக்கம் போகும், இரை இன்னொரு பக்கம் போகும்.

கரோலினா, டிராப் ஷாட்னு சொல்ற மத்த ரிக் எல்லாம் நம்ம ஊருக்கு அவ்வளவா வேண்டாம். ஆழத்துல நகராம கிடக்கற மீனுக்கானது.

தஞ்சாவூரான்:
அண்ணே ஒரு சந்தேகம். நான் இங்க கப்பல்பட்டறையில வேலை பாக்குறேன், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. ஊர்ல ஏரியில விரால் பிடிக்க சின்னத் தவளை, உயிர்க்கெண்டை கட்டுவோம், மண்புழு போட்டா கெளுத்தி வரும். ரப்பரு மீனெல்லாம் பாத்ததே இல்ல. இங்க டேம்ல மண்புழுவோ ரொட்டி மாவோ போட்டா சீக்கிரம் மாட்டுமே, ஏன் யாரும் சொல்ல மாட்றீங்க?

கரைக்காரர்:
தம்பி, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மாட்டிக்கொள்ளாதீர்கள். நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டும்தான். மண்புழு, தவளை, இறால், ரொட்டி மாவு, கோழிக்குடல் எதுவும் கூடாது. அது நாம் குடிக்கிற தண்ணீர், அழுகும் பொருள் அதில் சேரக்கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. அதோடு, எல்லா நீர்த்தேக்கத்திலும் எல்லா இடத்திலும் வீச முடியாது. மீன்பிடிக்க ஒதுக்கிய பகுதி என்று பலகை வைத்திருப்பார்கள், அந்த எல்லைக்குள் மட்டும். வெளியே நின்று பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம். ‘எல்லாரும்தான் அங்கே நிக்கிறாங்க’ என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

உயிர் இரைதான் வேண்டும் என்றால் கடலோரம், மீன்பிடிக்க விடும் படகுத்துறைகளுக்குப் போங்கள். இறால் கட்டிப் போடலாம்.

தஞ்சாவூரான்:
நல்லவேளை கேட்டேன்ணே. புழு தோண்டி டப்பால போட்டு வச்சிருந்தேன் 🙏 அப்ப விராலுக்கு ரப்பர் தவளைதான் போல.

கிராஞ்சி_கதிர்:
ஊர்ல தவளை கட்டின கைக்கு ரப்பர் தவளை பெரிய விஷயமில்ல. உள்ள காத்து, முள்ளு ரெண்டும் முதுகோட ஒட்டி மேல பார்த்திருக்கும். புல்லு மேல தூக்கிப் போட்டு, தத்தித் தத்தி இழுங்க. தண்ணி வெடிச்சதும் உடனே இழுக்காதீங்க, ஒரு மூச்சு விட்டு, நரம்பு இறுகினதும் அடிங்க. ஊர்ல நிஜத் தவளையை முழுங்க விடுவீங்கள்ல, அவ்வளவு நேரம் இல்ல, ஆனா கொஞ்சம் பொறுமை வேணும்.

பிபிக்கு நேர் எதிர். அது கவ்வின அடியிலயே பாதி மாட்டிக்கும்.

ஈசூன்_பையன்:
நரம்பு விஷயம் கேக்கணும். ரீல்ல கடைக்காரர் 12 பவுண்டு சாதா நைலான் சுத்திக் கொடுத்தாரு. இதுவே போதுமா, பின்னல் நரம்பு வேணுமா?

பொங்கோல்_அக்கா:
போதும், ஆனா பின்னல்னா ஜிக் தூரம் போகும், தட்டினா விரல்ல தெரியும். பிஇ 1 (பின்னல் நரம்போட தடிமன் எண்) வாங்குங்க. நுனியில 16 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னாடி வர்ற தனி நரம்பு), ரெண்டு கை விரிச்சா வர்ற நீளத்துக்குக் கட்டுங்க. பின்னல் நரம்பு கல்லுல உரசினா பொசுக்குன்னு போயிடும், லீடர் கொஞ்சம் தாங்கும்.

பிபிக்கு வெட்டற பல்லு கிடையாது, உதடு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான். மாட்டின ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் கடைசி ரெண்டு அங்குலத்தைத் தடவிப் பாருங்க. சொரசொரப்பா இருந்தா வெட்டிட்டுத் திரும்பக் கட்டுங்க. இதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு லூரோட மீனை விட்டவங்க நிறைய பேர்.

ஜூரோங்_ராஜா:
16 பவுண்டு லீடர்ல தோமான் (ராட்சத விரால்) வந்தா என்ன பண்ணுவீங்கக்கா? பல்லாலேயே நறுக்கிட்டுப் போயிடும். நான் எப்பவும் பிஇ 3, 50 பவுண்டு லீடர்தான். எது வந்தாலும் தூக்கலாம்.

கரைக்காரர்:
ராஜா, தோமானுக்குத் தனி செட் என்றால் சரி. ஆனால் அந்தத் தடித்த லீடரில் 1/8 அவுன்ஸ் ஜிக்கைக் கட்டினால் அது எங்கே நீந்தும்? குச்சியில் குத்தி வைத்ததுபோல விறைத்து வரும். பையனுடைய கழி மீடியம் லைட். அதில் 50 பவுண்டு லீடர் மாட்டி முழு பலத்தையும் கொடுத்தால் முறிவது கழிதான். சின்ன செட்டில் தோமான் வந்தால் வந்த வரைக்கும் ஆடிப் பார்க்க வேண்டியதுதான். ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) தளர்வாக வையுங்கள். போனால் போகட்டும்.

ஜூரோங்_ராஜா:
அதுவும் சரிதான் லா. ஆனா தோமான் ஈஸியாவும் மாட்டும். குஞ்சுக்கூட்டம் செக்கச்செவேல்னு மேல வந்து மூச்சு விடும்ல, அது நடுவுல லூரைப் போட்டா அம்மா அப்பா ரெண்டும் வெறி பிடிச்சு வந்து அடிக்கும். கண்டிப்பா மாட்டும்.

பொங்கோல்_அக்கா:
மாட்டும், தெரியும். அதுக்குப் பேரு மீன்பிடிக்கிறதா? அது பசிக்கு அடிக்கல, பிள்ளையைக் காக்க அடிக்குது. அதைத் தூக்கிப் படம் எடுக்கற நேரத்துல குஞ்சுங்களை மத்த மீனெல்லாம் காலி பண்ணிடும்.

ஜூரோங்_ராஜா:
இங்க அது வெளியூர் மீன்தானே அக்கா. குறைஞ்சா நல்லதுதானே.

பொங்கோல்_அக்கா:
குறைக்கத்தான் பிடிக்கிறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். படத்துக்குப் பிடிச்சுட்டு அதைக் காரணமா சொல்லாதீங்க.

கரைக்காரர்:
பிபியும் இப்படித்தான், ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சைக் காக்கும். அந்தக் காலத்தில் ஆணுக்கு நெற்றியில் திமில்போல் ஒரு புடைப்பு எழும்பும். கரையோரம் ஜோடியாக நகராமல் நிற்பதைப் பார்த்தால் நான் தள்ளிப் போய் வீசுவேன். ராஜா சொன்ன முறைக்குச் சட்டத்தில் தடை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அவரவர் மனசு. இதோடு விடுவோம், பையனின் கேள்விக்கு வருவோம்.

இடம் பற்றி யாருமே சொல்லவில்லை. பிடோக் மணல் தோண்டிய பெரிய குழி, 1986ல் நீர்த்தேக்கமானது. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே சரேலென்று ஆழமாகும். எல்லாரும் நடுத்தண்ணீரைப் பார்த்துப் பலம்கொண்ட மட்டும் வீசுகிறார்கள். சின்ன மீன்கள் இருப்பது கரையோரக் கல்லில். பிபி அந்த விளிம்போடு ரோந்து போகிறது. அதனால் கரைக்கு இணையாக, கரையிலிருந்து ஒரு கழி நீளம் தள்ளி வீசுங்கள். லூர் வரும் வழி முழுக்க மீன் இருக்கும் இடத்திலேயே இருக்கும். நடுவில் வீசினால் கடைசிப் பத்தடிதான் வேலை செய்யும். பாண்டான் நீர்த்தேக்கத்துக்கும் இதே கணக்கு, நாலு பக்கமும் கல் கட்டிய கரை.

மழை பெய்து ஓய்ந்தபின் தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் முகம், படகுத்துறைத் தூண் நிழல், இந்த மாதிரி இடங்கள் ஒதுக்கிய எல்லைக்குள் வந்தால் விடாதீர்கள். வீசும்முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். பிடோக்கில் ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், பிள்ளைவண்டி எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான் போகிறார்கள். மூணு முள் கொத்து ஒருவர் காதில் ஏறினால் தூண்டிலோடு எல்லாம் முடிந்தது.

ஈசூன்_பையன்:
விடியக்காலை 6 மணிக்கே போகணுமா?

கரைக்காரர்:
தூங்குங்கள். பிபி கண்ணை நம்பும் மீன், வெயில் நீரில் இறங்கினால்தான் அதற்குப் பசி. எட்டரை ஒன்பது மணிக்குப் போனாலே போதும். இருட்டில் போனால் தோமானுக்கு மேல்தண்ணி லூர் போடலாம், பிபி வராது.

இன்னொன்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலில் சுமத்ரா பக்கமிருந்து புயல்காற்று வரும். மேற்கே கறுத்துக்கொண்டு திடீரென்று காற்று மாறினால் கழியை மடக்கிவிடுங்கள். கார்பன் கழி மின்சாரம் கடத்தும். வெட்டவெளித் தண்ணீரோரம் அதை உயர்த்திப் பிடித்து நிற்பதைவிட முட்டாள்தனம் கிடையாது. மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_பையன்:
அப்டேட்: சனிக்கிழமை ஜிக் போட்டேன், அண்ணன் சொன்ன மாதிரி கரைக்கு இணையா. மூணு பிபி கூட்டமா பின்னாடியே வந்துச்சு. வேகமா இழுத்தேன், காலடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு. கை நடுங்கிப்போச்சுண்ணே. இதுக்கு என்ன செய்யறது?

பொங்கோல்_அக்கா:
மூணா வந்தா நல்லதுதான், ஒண்ணுக்கொண்ணு போட்டி. திரும்பின திசையைப் பார்த்துட்டு உடனே அதையும் தாண்டி வீசுங்க, தலை மேல போடாதீங்க. அப்பவும் திரும்பினா லூரை மாத்துங்க. ஜிக்கைப் பார்த்துட்டுப் போனதுக்குக் கதிர் சொன்ன ஈயமில்லாத ரப்பர் மீனைக் காட்டுங்க. அதுக்குத்தான் ஸ்னாப் (லூரை மாட்டிக் கழட்டற சின்னக் கொக்கி) போட்டுக்கணும்னு சொல்றது, மாத்த அஞ்சு விநாடி.

கிராஞ்சி_கதிர்:
சின்ன ஸ்னாப்பா இருக்கட்டும், சுவிவல் (சுழல் வளையம்) சேர்ந்தது வேண்டாம். கனம் கூடினா லூர் ஆட்டம் செத்துடும். ஒண்ணு மாட்டினதும் மத்த ரெண்டும் அது கூடவே சுத்தும். பக்கத்துல கூட்டாளி இருந்தா அந்த நேரத்துல அவரை வீசச் சொல்லுங்க.

ஈசூன்_பையன்:
ஓகே. கடைசியா ஒண்ணு. மின்னோ ஒண்ணு நண்பன் கொடுத்தான், எக்ஸ்ராப் எட்டு. அதுல இருக்கற மூணு முள் கொத்தைக் கழட்டிட்டு ஒத்தை முள்ளு போடலாமா? மீனைக் கழட்டி விடறது ஈஸியா இருக்கும்னு சொல்றாங்க.

கரைக்காரர்:
போடலாம், நல்ல பழக்கம். இன்லைன் ஒற்றை முள் என்று கேட்டு வாங்குங்கள், முள்ளின் கண் லூருக்கு நேராக நிற்கும் வகை. முன் முள்ளும் பின் முள்ளும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் அளவு நீளமாக இருக்கக்கூடாது. அப்புறம் எடை. சஸ்பெண்டிங் லூர் முள்ளின் எடையையும் கணக்கில் வைத்துச் செய்தது. இலேசான முள் போட்டால் நிற்க வேண்டிய லூர் மேலே மிதந்து வரும். வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் கொஞ்சம் தடித்த கம்பியில் செய்த முள் மாற்றுங்கள், அது பிபி இழுக்கும்போது நிமிர்ந்துவிடாமலும் இருக்கும். முள் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

தஞ்சாவூரான்:
அண்ணே நானும் ஒருநா வரலாமா? வீசிப் பழகணும், கழி இல்ல.

பொங்கோல்_அக்கா:
வாங்க தம்பி, என்கிட்ட இன்னொரு செட் இருக்கு. இந்த ஞாயிறு லோவர் சிலேத்தார், எட்டரைக்கு காத்திப் எம்ஆர்டி. ஈசூன் பையனும் வரட்டும். புழு டப்பாவை மட்டும் ரூம்லயே வச்சுட்டு வாங்க.

தஞ்சாவூரான்:
அதைச் செடிக்குக் கொட்டிட்டேன்க்கா 😂 வந்துர்றேன்.